ரேசியாவும் அதன் நான்கு பேச்சும்

மொழியியல் பாடத்தின் முதல் இடுபணிக்கு எங்கள் விரிவுரையாளர் ஒரு நிபந்தனை விதித்தார். பத்தாயிரம் பேருக்கும் குறைவானவர்கள் பேசும் ஐரோப்பிய மொழி ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதைப் பற்றி ஐந்து பக்கம் எழுத வேண்டும். நான் ரேசியாவைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, பெயர் பிடித்திருந்தது. கட்டுரையின் இரண்டாவது வரியிலேயே, "ரேசியா மக்கள் பேசுவது ஸ்லோவேனிய மொழியின் ஒரு கிளைமொழி" என்று எழுதிவிட்டேன். தாள் திரும்பி வந்தபோது அந்த வரியின் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் இரண்டே சொற்கள்: "யார் சொன்னது?"

அந்த வரி தவறு என்று அவர் சொல்லவில்லை. நான் புரட்டிய நூல்களில் பெரும்பாலானவை அப்படித்தான் சொல்கின்றன. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இடுபணி முடிந்து, மதிப்பெண்ணும் வந்த பிறகு நான் தொடர்ந்து படித்தேன். அந்தப் பள்ளத்தாக்கை நான் நேரில் கண்டதில்லை. நூல்களும் வரைபடமும் சில ஒலிப்பதிவுகளுமே என் துணை. அவற்றிலிருந்து தெரிந்துகொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கே இருக்கிறது ரேசியா?

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஃபிரியூலி-வெனேசியா ஜூலியா என்னும் வட்டாரத்தில், ஊதினே நகருக்கு வடக்கே ஆல்ப்ஸ் மலையின் மடிப்புகளுக்குள் இருக்கிறது ரேசியா. இத்தாலியர் 'கொமூனே' என்று அழைக்கும் உள்ளாட்சி அமைப்புகளில் இதுவும் ஒன்று. நம் ஊர்க் கணக்கில் ஒரு சிற்றூராட்சி எனலாம். ஆனால் ரேசியா என்று ஒரு தனி ஊர் கிடையாது. ஒரு பள்ளத்தாக்கும் அதில் சிதறிக் கிடக்கும் கிராமங்களும் சேர்ந்ததுதான் ரேசியா.

பள்ளத்தாக்கின் மேற்கு வாய் மட்டும் திறந்திருக்கிறது. கிழக்கே 2,587 மீட்டர் உயரமுள்ள கனின் மலை சுவர்போல வழியை அடைத்து நிற்கிறது. தெற்கிலும் வடக்கிலும் மலைத்தொடர்கள். மலைக்கு அப்பால் ஸ்லோவேனியா. நடுவே ரேசியா என்னும் அதே பெயருடைய ஆறு ஓடி, மேற்கே ரேசியுத்தா என்ற ஊரருகே பெரிய ஆற்றோடு கலக்கிறது. வரைபடத்தில் பார்த்தால், ஒரே வாசல் உள்ள நீண்ட வீடு போலத் தோன்றும்.

இங்கே இன்று வாழ்வோர் ஏறத்தாழ ஆயிரம் பேர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இரண்டு பெயர் உள்ள ஊர்கள்

ரேசியாவின் ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று இத்தாலிய ஆவணங்களில் உள்ளது. மற்றது அங்குள்ளோர் தமக்குள் சொல்லிக்கொள்வது. ஊராட்சி மன்றம் அமைந்திருக்கும் ஊர் இத்தாலியத்தில் பிராத்தோ, உள்ளூரில் ரவன்சா. சான் ஜோர்ஜோ என்பதை அவர்கள் பீலா என்பர். ஞீவா இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஓசெயாக்கோ அவர்கள் வாயில் ஒசொயானே. பள்ளத்தாக்கின் உட்புறத்தில் உயரமான இடத்தில் உள்ள ஸ்தொல்வித்ஸா, அவர்களுக்குச் சொல்பித்சா. இன்னும் உள்ளே கனின் அடிவாரத்தில் கோரித்திஸ் என்னும் சிற்றூர். மலைமுகட்டைத் தாண்டி ஸ்லோவேனிய எல்லையோரத்தில் உச்சேயா.

இவற்றுள் பீலா, ஞீவா, ஒசொயானே, சொல்பித்சா ஆகிய நான்கும் மொழி ஆய்வில் தனித்தனியே பேசப்படுபவை. ஏனெனில் இந்த நான்கு ஊர்களுக்கும் நான்கு பேச்சு. ஒரே பள்ளத்தாக்கு, ஒரே ஆறு, ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடந்தே போய்விடலாம். அப்படியிருந்தும் ஒருவர் வாயைத் திறந்ததும் அவர் எந்த ஊர்க்காரர் என்று மற்றவருக்குத் தெரிந்துவிடும். உயிரொலிகள் மாறும், சொல்லின் ஈறுகள் மாறும், சில பொருள்களுக்குச் சொற்களே மாறும்.

இந்த நான்கையும் சேர்த்து அவர்கள் என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள்? முறையாகச் சொல்லும்போது 'ரொசயான்ஸ்கி லங்காச்' என்பர். ரேசிய மொழி என்று பொருள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மொழியைக் குறிக்கும் 'லங்காச்' என்ற சொல்லே அண்டை மொழியான ஃபிரியூலியத்திலிருந்து வந்த கடன்சொல். ஆனால் அன்றாடப் பேச்சில் இந்தப் பெயர் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. 'போ நஸ்' பேசு என்பார்கள். 'நம்ம மாதிரி' பேசு என்று அதற்குப் பொருள். இதைப் படித்த இடத்தில் நூலை மூடிவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நடந்து பிழைத்த மக்கள்

மலைச்சரிவில் விளைநிலம் குறைவு. கொஞ்சம் கிழங்கு, கொஞ்சம் காய்கறி, ஆடுமாடு, கோடையில் உயரத்தில் உள்ள மேய்ச்சல் நிலம் என இவற்றை வைத்து ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் உண்ண முடியாது. ஆகவே ஆண்கள் வெளியூர் போனார்கள். முதுகில் மரப்பெட்டியைச் சுமந்து துணிமணி முதலிய சில்லறைப் பொருள்களை விற்றவர்கள் பலர். சொல்பித்சா ஊரார் கத்தி, கத்தரிக்கோல் சாணை பிடிப்பதில் பேர்போனவர்கள். சாணைக்கல் பொருத்திய சக்கரத்தோடு அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஊர்களை நடந்தே சுற்றினார்கள். பிற்காலத்தில் மிதிவண்டியில் சாணைக்கல்லைப் பொருத்திக்கொண்டார்கள். இன்று அவ்வூரில் சாணை பிடிப்பவர்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் அவர்களைக் கொண்டாட ஒரு விழாவும் நடக்கிறது.

இந்தத் தொழில் மொழிக்கு என்ன செய்தது என்பதுதான் நமக்கு முக்கியம். போன இடத்தில் ஜெர்மன், ஸ்லோவேனியம், ஃபிரியூலியம், இத்தாலியம் என்று பிழைப்புக்கு வேண்டியதைக் கற்றார்கள். அந்த மொழிகளின் சொற்களைப் பெட்டியில் சரக்கோடு சரக்காக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் வீட்டில் இருந்த பெண்களும் முதியவர்களும் 'நம்ம மாதிரி'யே பேசினார்கள். ஆண்கள் ஊர் சுற்றிய காலத்தில் மொழியைக் கட்டிக்காத்தவர்கள் அடுப்படியில் இருந்தவர்களே.

ரேசியாவிலிருந்து இன்றும் வெளியே பெயர்பெற்ற விளைபொருள் ஒன்றுண்டு. அது பூண்டு. உள்ளூரில் 'ஸ்த்ரோக்' என்பர். சிறிய பூண்டு, செந்நிறத் தோல், மணம் மிகுதி. இலையுதிர் காலத்தில் நட்டு, பனிக்காலம் முழுவதும் மண்ணில் விட்டு, கோடையில் எடுப்பார்கள். அருகிவரும் உணவுப் பயிர்களைக் காக்கும் 'ஸ்லோ ஃபூட்' இயக்கம் இந்தப் பூண்டைத் தன் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பூண்டு காக்கப்படும்போது அதன் பெயரும் கூடவே காக்கப்படுகிறது. சந்தையில் 'ரேசியப் பூண்டு' வாங்கும் இத்தாலியர் சிலருக்கு 'ஸ்த்ரோக்' என்ற சொல்லும் தெரிந்திருக்கிறது.

1873இல் வந்த விருந்தாளி

ரேசியா உலக மொழியியலுக்கு அறிமுகமானது ஓர் இளைஞரால். அவர் பெயர் யான் போதுவன் த கூர்த்தனே. போலந்து நாட்டவர், 1845இல் பிறந்தவர். 'ஒலியன்' என்று நாம் பாடத்தில் படிக்கிறோமே, அந்தக் கருத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். அவருக்கு முன்பும் சில அறிஞர்கள் ரேசியாவுக்கு வந்திருந்தார்கள். 1841இல் ரஷ்ய அறிஞர் ஸ்ரெஸ்னெவ்ஸ்கி வந்து போனார். ஆனால் ஊர் ஊராகத் தங்கி, மக்கள் பேசியதைப் பேசியவாறே எழுதிக்கொண்டவர் போதுவன்தான். 1873இல் முதன்முறை வந்தபோது அவருக்கு வயது 28. ரேசியப் பேச்சுகளின் ஒலியியல் பற்றிய அவருடைய நூல் 1875இல் வெளிவந்தது. அதுவே அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு. இருபது ஆண்டுகள் கழித்து, 1895இல், தாம் திரட்டிய ரேசிய உரைகளை ஒரு பெருந்தொகுதியாக வெளியிட்டார். அதற்குப் பிறகும் அவர் ரேசியாவை மறக்கவில்லை; பலமுறை திரும்பிச் சென்றார்.

அவர் அங்கே கேட்டது என்ன? முதலாவது, விந்தையான உயிரொலிகள். ரேசியத்தில் வழக்கமான உயிர்களோடு, நாக்கை வாயின் நடுப்பகுதிக்கு இழுத்து மங்கலாக ஒலிக்கும் மற்றொரு வரிசை உயிர்களும் உண்டு. ஸ்லோவேனிய அறிஞர்கள் அவற்றை 'மூச்சிரைக்கும் உயிர்கள்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். ஒலிப்பதிவில் கேட்டபோது எனக்கு நம் குற்றியலுகரம் நினைவுக்கு வந்தது. அதே ஒலி என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'காசு' என்ற சொல்லின் ஈற்றில் உகரம் இதழ் குவியாமல் மங்கிப்போவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு, ரேசிய உயிர்கள் அவ்வளவு அந்நியமாகத் தோன்றா.

இரண்டாவது, ஒரு சொல்லில் அழுத்தம் பெறும் உயிர் எதுவோ, அதற்கேற்ப அச்சொல்லின் மற்ற உயிர்களும் நிறம் மாறுகின்றன என்று அவர் கவனித்தார். துருக்கி போன்ற மொழிகளில் உள்ள உயிரிசைவு இது என்று எண்ணி, பழங்காலத்தில் 'துரானிய' இனம் ஒன்று இங்கே கலந்திருக்கலாம் என்று ஊகித்தார். பின்வந்த ஆய்வாளர்கள் இந்த ஊகத்தை ஏற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'துரானியம்' என்பது எங்கும் ஒட்டக்கூடிய ஒரு சீட்டாக இருந்தது. மாக்ஸ் முல்லர் தமிழையும் அந்தப் பெட்டிக்குள்தான் போட்டார் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

மூன்றாவது, ரேசியம் சில பழைய வினை வடிவங்களை விடாமல் வைத்திருந்தது. ஸ்லோவேனிய மொழியின் பிற பகுதிகளில் மறைந்துபோன ஒருவகை இறந்தகால வடிவம் இங்கே சில வினைகளில் உயிரோடு இருக்கிறது. அதே சமயம், ஸ்லாவிய மொழிகளுக்கு இயல்பில்லாத ஒன்றையும் ரேசியம் பெற்றிருந்தது. பெயருக்கு முன் வரும் சுட்டுச்சொல், இத்தாலியத்தில் உள்ளதைப்போல, குறிப்பிட்ட ஒன்றை உணர்த்தும் ஒட்டாக மாறியிருந்தது. மிகப் பழையதும் மிகப் புதியதும் ஒரே வாயில்! 1901இல் போதுவன் ஒரு கட்டுரை எழுதினார். எல்லா மொழிகளும் கலப்பு மொழிகளே என்பது அதன் கருத்து. ரேசியாவில் நடந்த நாள்கள் அந்தக் கருத்துக்கு உரம் போட்டிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இந்த மனிதரைப் பற்றி இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். ரஷ்யப் பேரரசில் வாழும் சிறுபான்மை மக்களின் உரிமைக்காக 1913இல் ஒரு சிறுநூல் எழுதியதற்காக அவர் சிறைக்குப் போனார். 1922இல், புதிதாக விடுதலை பெற்ற போலந்தில் சிறுபான்மைக் கட்சிகள் அவரைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வேட்பாளராக நிறுத்தின. வெற்றி கிட்டவில்லை. ஆனால் மலையூர்ப் பாட்டிகளின் உயிரொலிகளை எழுதத் தொடங்கியவர் எங்கே வந்து நின்றார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

பாட்டும் ஆட்டமும்

மொழி தெரியாதவர்களையும் ரேசியாவுக்கு இழுப்பது அதன் இசை. 1883இல் ரஷ்யாவில் பிறந்த இசையமைப்பாளர் எல்லா அதயெவ்ஸ்கி என்னும் பெண்மணி இங்கே வந்து இந்த இசையைக் குறித்துவைத்தார். இரண்டே கருவிகள். ஒன்று 'சித்தீரா', இயல்பான வயலினைவிட உயர்ந்த சுருதியில் கூட்டப்பட்ட வயலின். மற்றது 'புன்குலா', மூன்று தந்தியுள்ள, செல்லோ போன்ற பெரிய கருவி. தாளத்துக்கு வேறு கருவி வேண்டாம். வாசிப்பவரின் குதிகால் தரையை மிதிக்கும் ஓசையே தாளம்.

ஆட்டத்தில் ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று, ஒருவரையொருவர் தொடாமல் ஆடுகிறார்கள். ஒவ்வொரு மெட்டும் இரண்டு பகுதி கொண்டது. ஒன்று மேல் தந்திகளில் மெலிந்து ஒலிப்பது. மற்றது கீழ்த் தந்திகளில் தடித்து ஒலிப்பது. மெட்டு மாறும்போது ஆடுவோர் இடம் மாறுகிறார்கள். தவக்காலத்துக்கு முந்திய 'பூஸ்த்' திருவிழாவில் வெள்ளை உடையும், வண்ணக் காகிதப் பூக்கள் நிறைந்த உயரமான தொப்பியும் அணிந்து ஆடுவார்கள். விழா முடிவில் 'பாபாஸ்' என்னும் வைக்கோல் பொம்மையைக் குற்றம் சாட்டி எரிப்பார்கள். ஊரில் அந்த ஆண்டு நடந்த தீமைக்கெல்லாம் பாவம், அந்தப் பொம்மைதான் பொறுப்பு!

1962 முதல் ஸ்லோவேனிய நாட்டார் வழக்காற்று அறிஞர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார்கள். அவர்களில் மில்கோ மத்திச்சேத்தொவ் முக்கியமானவர். நரியும் ஓநாயும் வரும் விலங்குக் கதைகளை முதியவர்கள் சொல்லச் சொல்லப் பதிவு செய்தார். அவற்றில் ஒரு பகுதி 1973இல் நூலாக வந்து, ஸ்லோவேனியக் குழந்தைகள் விரும்பிப் படிக்கும் கதைகளாயிற்று.

நிலம் நடுங்கிய ஆண்டு

1976 மே 6ஆம் நாள் இரவு ஃபிரியூலியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. வட்டாரம் முழுவதும் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர். மக்கள் கூடாரங்களில் தங்கி வீடுகளைச் செப்பனிடத் தொடங்கியிருந்த வேளையில், செப்டம்பர் 15ஆம் நாள் மீண்டும் நிலம் நடுங்கியது. முதல் முறை விரிசலோடு தப்பிய கற்சுவர்கள் இரண்டாம் முறை விழுந்தன. ரேசியாவின் ஊர்களும் பெருஞ்சேதம் அடைந்தன. குளிர்காலம் நெருங்கிவிட்டதால் ஃபிரியூலி மக்களில் பல்லாயிரவர் கடற்கரைச் சுற்றுலா விடுதிகளுக்கு அனுப்பப்பட்டனர். திரும்பி வந்தபோது பலருக்குக் கிடைத்தது மரப்பலகையால் ஆன தற்காலிக வீடு.

புதிய வீடுகள் பின்னர் எழுந்தன. ஆனால் சாலை வந்ததும் ஆலை வேலை சமவெளியில் கிடைத்ததும் இளைஞர்கள் இறங்கிப் போவது முன்பே தொடங்கியிருந்தது. நிலநடுக்கம் அதை விரைவுபடுத்தியது. பள்ளியில் இத்தாலியம், தொலைக்காட்சியில் இத்தாலியம், சமவெளியில் பிறந்த மருமகளோடு இத்தாலியம். தாத்தா பாட்டி பேசுவது பேரப்பிள்ளைக்குப் புரியும். பதில் மட்டும் இத்தாலியத்தில் வரும். யுனெஸ்கோ வெளியிட்ட அழியும் நிலையிலுள்ள மொழிகளின் வரைபடத்தில் ரேசியமும் இடம்பெற்றிருக்கிறது.

ஓர் எழுத்தும் ஒரு சட்டமும்

இப்போது அந்தச் சிவப்பு மைக் கேள்விக்கு வருவோம். ரேசியம் ஸ்லோவேனியத்தின் கிளைமொழி என்று யார் சொன்னது?

மொழியியலார் பெரும்பாலோர் சொல்கிறார்கள். ஒலி மாற்றங்களையும் சொற்களையும் ஒப்பிட்டு, ரேசியம் வடக்கே ஆஸ்திரியப் பக்கத்து ஸ்லோவேனியப் பேச்சுகளோடு ஒரு காலத்தில் சேர்ந்திருந்தது என்று காட்டுகிறார்கள். இடையிலிருந்த நிலப்பகுதியில் மொழி மாறிவிட, ரேசியா தனித்துப் போயிற்று. இந்தச் சான்றுகள் வலுவானவை. ஆனால் பொதுமொழி மட்டும் அறிந்த ஸ்லோவேனியருக்கு ரேசியப் பேச்சு எளிதில் விளங்குவதில்லை என்பதும் உண்மை.

ரேசியர்களில் ஒரு பிரிவினர் இதை ஏற்பதில்லை. தாங்கள் ஸ்லோவேனியர் அல்லர், ரேசியர் என்கிறார்கள். இதற்கு வரலாறும் ஒரு காரணம். 1866இல் ரேசியா இத்தாலியோடு இணைந்தது. மலைக்கு அப்பால் இருந்தோர் ஆஸ்திரியாவில் தங்கிவிட்டனர். ஸ்லோவேனியப் பொதுமொழி அங்கே பள்ளியிலும் நாளிதழிலும் வளர்ந்தபோது ரேசியர் அதில் பங்கு கொள்ளவில்லை. பாசிச ஆட்சி இத்தாலியம் அல்லாத மொழிகளை ஒடுக்கியது. போருக்குப் பின் எல்லைக்கு அப்பால் இருந்தது யூகோஸ்லாவியா. அந்தக் காலத்தில் 'ஸ்லாவியர்' என்ற பெயர் இத்தாலிய எல்லையோரத்தில் ஐயத்தோடு பார்க்கப்பட்டது. நாங்கள் ரஷ்யாவிலிருந்து வந்தவர்கள் என்ற கதை ரேசியாவில் நெடுங்காலம் வழங்கியதில் வியப்பில்லை. பெயர் சுமையாகும்போது மக்கள் வேறு பெயர் தேடுகிறார்கள்.

சட்டம் இந்த வழக்கைக் கூர்மையாக்கியது. இத்தாலி 1999இல் இயற்றிய 482ஆம் எண் சட்டம் பன்னிரண்டு சிறுபான்மை மொழியினத்தாரைப் பெயர் சொல்லி ஏற்கிறது. அதில் ஸ்லோவேனியம் உண்டு. ரேசியம் தனியாக இல்லை. 2001இல் ஸ்லோவேனியச் சிறுபான்மையினருக்கென்று 38ஆம் எண் சட்டம் வந்தது. அது பொருந்தும் ஊராட்சிகளில் ரேசியாவும் ஒன்று. ஆக, ஸ்லோவேனியம் என்ற குடையின் கீழ் நின்றால் நிதியும் பாதுகாப்பும் உண்டு. தனியாக நின்றால் தன் பெயர் உண்டு, ஆனால் அந்தப் பெயர் பட்டியலில் இல்லை. ஆயிரம் பேர் கொண்ட ஊரில் இது தெருச் சண்டையாகவே மாறக்கூடிய விஷயம்.

எழுத்திலும் இதே சிக்கல். 1994இல், பதுவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டச்சு மொழியியலார் ஹான் ஸ்டேன்வெய்க், ரேசியத்துக்கு ஓர் எழுத்துமுறை வகுத்தார். நான்கு ஊருக்கும் பொதுவான எழுத்துகள். ஆனால் ஒவ்வோர் ஊரும் தன் ஒலிப்பின்படி எழுதலாம். யாருடைய பேச்சும் மற்றொன்றின் திரிபாகக் கருதப்படவில்லை. இதில் அவர் ஆங்கிலத்தின் 'டபிள்யூ' எழுத்தையும் சேர்த்திருந்தார். ஸ்லோவேனிய நெடுங்கணக்கில் அந்த எழுத்து இல்லை. மற்ற ஸ்லோவேனியக் கிளைமொழிகளை எழுதுவதைப் போலவே இங்கும் 'வி' போதும் என்று மத்திச்சேத்தொவ் வற்புறுத்தினார். ரேசியக் கதைகளுக்காக வாழ்நாளைக் கொடுத்த அவர், ஓர் எழுத்துக்காக ஏன் மல்லுக்கு நிற்க வேண்டும்? 'வி' என்று எழுதினால் ரேசியம் ஸ்லோவேனியக் குடும்பத்தின் பிள்ளை. 'டபிள்யூ' என்று எழுதினால் தனிக் குடித்தனம். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று நாம் வாதிடும்போது, நம் வாதமும் ஒலியைப் பற்றியது மட்டும்தானா என்று எண்ணிப் பாருங்கள்.

என் விடை

ஒரு பேச்சு மொழியா, கிளைமொழியா என்பதை மொழியியல் மட்டும் முடிவு செய்வதில்லை என்பது நாம் முதலாண்டிலேயே படிக்கும் பாடம். ரேசியா எனக்குக் கற்பித்தது அதற்கு அடுத்த பாடம். பெயர் பற்றிய வழக்கு நூறு ஆண்டு நடக்கலாம். அதற்குள் பேசுவோர் நாலாயிரத்திலிருந்து ஆயிரமாகக் குறைந்துவிடலாம். ஸ்லோவேனியத்தின் கிளை என்போரும், தனி மொழி என்போரும் ஒரு செய்தியில் உடன்படுகிறார்கள்: பேரப்பிள்ளை பதிலை இத்தாலியத்தில் சொல்கிறான். வழக்கில் எந்தப் பக்கம் வென்றாலும் அந்தப் பிள்ளையின் பதில் மாறப்போவதில்லை. அது மாற வேண்டுமானால் அடுப்படியில் மாற வேண்டும்.

'நம்ம மாதிரி' என்ற சொல்லைப் படித்து நூலை மூடினேன் என்றேன் அல்லவா? என் பாட்டி தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் பால்வெட்டியவர். அவரும் தம் பேச்சுக்குப் பெயர் வைத்ததில்லை. 'நம்ம பேச்சு' என்பார். தொடக்கப்பள்ளியில் ஒருமுறை, "வெள்ளன எழுந்து பாட்டியோடு கோயிலுக்குப் போனேன்" என்று கட்டுரையில் எழுதினேன். 'வெள்ளன' சிவப்பு மையால் அடிக்கப்பட்டு மேலே 'அதிகாலையில்' என்று எழுதப்பட்டது. ஆசிரியர்மேல் எனக்கு வருத்தமில்லை; எழுத்துத் தமிழைக் கற்றுத்தருவது அவர் கடமை. ஆனால் அன்று முதல் அந்தச் சொல் தப்பு என்று நினைத்துக்கொண்டு பாட்டியிடமும் அதைச் சொல்வதை விட்டேன். நான் விட்டதை அவர் கவனித்தாரா என்று தெரியாது.

ரேசியாவின் நான்கு ஊர்களுக்கும் நான்கு விதமாக எழுத இடம் கொடுத்த அந்த எழுத்துமுறையைப் படித்தபோது இந்த நினைவு வந்தது. பொது எழுத்து வேண்டும். அதற்காக ஊர்ப்பேச்சு குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியதில்லை. இரண்டுக்கும் இடம் ஒதுக்க ஆயிரம் பேர் கொண்ட பள்ளத்தாக்கே முயலும்போது, கோடிக்கணக்கானோர் பேசும் மொழிக்கு அது இயலாத காரியமா?

என் பாட்டி நரிக்கதை சொல்வார். நரி கோழியை ஏமாற்றும், கோழி நரியை ஏமாற்றும். கேட்கும் நாளைப் பொறுத்து முடிவு மாறும். ரேசியாவின் நரிக்கதைகள் 1962இலேயே ஒலிநாடாவில் ஏறிவிட்டன. பாட்டியின் கதைகளை யாரும் பதிவு செய்யவில்லை. என் கைப்பேசியில் பதிவு செய்யும் வசதி இருந்தும் நான் செய்யவில்லை. அவர் இப்போது இல்லை.

இதைப் படிக்கும் நண்பர்களே, உங்கள் வீட்டில் இன்னும் ஒருவர் இருக்கக்கூடும். அவர் பேசுவது எந்த வட்டார வழக்கு, எந்தச் சொல் மலாய், எந்தச் சொல் தமிழ் என்ற ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இந்த வார இறுதியில் வீட்டுக்குப் போகும்போது ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். பதிவு செய்யுங்கள். பதிலை அவர் மாதிரியே சொல்லுங்கள்.